பெயர் போடாத வயலின்

ராயபுரம் டீக்கடையில் இளையராஜா பாட்டு ஓடினால் வயலின் வரும் இடத்தில் தலையாட்டுவோம். வாசிச்சது யாருன்னு கேட்க மாட்டோம். நான் கேட்டது, 1986-ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்புக்குப் பிறகுதான். அதில் தனி வயலின் வி.எஸ். நரசிம்மன்.

1993-ல் அவர் ‘மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்’ தொடங்கி, கர்நாடகக் கீர்த்தனைகளுக்கு ஹார்மனி எழுதினார். முதல் வயலினில் கமகம் குலையவில்லை. அது பெரிய விஷயம். ஆனா இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ மூன்றும் பெரும்பாலும் அதைத் தாங்கத்தான் செய்கின்றன. ஆர்கெஸ்ட்ராவில் பெயர் தெரியாமல் வாசித்தவரின் குழுவிலும் மூவர் பின்னால்தான். ராகத்தைக் காப்பாற்றக் கொடுத்த விலை அது என்று நினைக்கிறேன். அடுத்த தடவை செல்லோவை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்க.