ஊசி முனையில் மின்னோட்டம்

துணிக் கைவினையையும் மின்னணுவியலையும் ஒன்றுசேர்க்கும் முயற்சி கடந்த முப்பது ஆண்டுகளில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது. விளக்கெரியும் சட்டை, உடல் வெப்பத்தை அளக்கும் பனியன் என அதன் விளைபொருள்களை வியந்து எழுதுவோர் பலர். அவற்றைச் செய்ய உதவும் கருவிகளை ஆராய்வோர் மிகச் சிலரே. கருவி எவர் கைக்காக அமைந்தது என்று கண்டால், அத்தொழில் எவரைத் தனக்குரியவராக மதிக்கிறது என்பதும் புலனாகும். ஆகவே இங்கே கருவிகளையே எடுத்துக்கொள்வோம்.

இத்துறையில் முதலில் பெரும்பெயர் பெற்றது 'லில்லிபேட்' என்னும் சிறு கணிப்பலகை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த லியா பியூக்லி அமைத்தது. 2007-இல் விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தகடு. விளிம்பைச் சுற்றிலும் பூவிதழ் போன்ற முனைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துளை. ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டியதில்லை. வெள்ளிப் பூச்சிட்ட நைலான் நூலை ஊசியிற் கோத்து, பொத்தான் தைப்பதுபோல் அத்துளைகளில் மூன்று நான்கு சுற்றுத் தைத்தால் மின்னிணைப்பு உண்டாகிவிடும். பியூக்லியும் பெஞ்சமின் மேக்கோ ஹில்லும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இப்பலகையைக் கொண்டு செய்யப்பட்ட பொருள்களிற் பெரும்பாலானவை பெண்கள் கைவண்ணம் என்று காட்டினர். பலகையில் ஊசிக்கு வழி விட்டதன் பயன் இது.

ஆயினும் ஒரு பெருங்குறை எஞ்சி நின்றது. தைத்த இணைப்புச் சரியாயுள்ளதா என்று பார்க்க, தைத்தவர் மின்பணியாளரின் மல்டிமீட்டரையே நாடவேண்டியிருந்தது. அதன் முனைகள் உலோகக் கம்பிக்கும் பலகைக்கும் ஏற்றவை. துணியில் வைத்து அழுத்தினால் நழுவும். பல்லுள்ள கவ்வியை மாட்டினாலோ மெல்லிய இழை பிய்ந்துபோகும். தச்சனின் உளியைக் கொடுத்துப் பூத்தொடுக்கச் சொன்னது போன்றது இது.

இக்குறையை நேர்முகமாக எடுத்துக்கொண்டவர் வியன்னாவில் பணியாற்றிய ஐரீன் போஷ். ஜெரல்டின் பிட்ஸ்பாட்ரிக்குடன் சேர்ந்து 2018-இல் அவர் அளித்த ஆய்வுரை, துணித் தொழிலுக்கென்றே மின்கருவிகள் வேண்டும் என்று வாதிடுகிறது. அவர் செய்த கருவிகளுள் என்னைக் கவர்ந்தது, கொக்கியூசியையே அளவியாக்கிய திறம். குரோஷே பின்னும் கொக்கியை மின்தடை அளக்கும் கருவியோடு இணைத்துவிட்டார். பின்னும் கை வேலையை நிறுத்தாமலே இழையின் மின்தடையை அறியலாம். துணிக்கு ஊறு செய்யாமல் குத்தி நிற்கும் குண்டூசிகளை மல்டிமீட்டரின் முனைகளாக்கும் வழக்கமும் இத்துறையினரிடையே உண்டு. எளிய மாற்றந்தான். ஆனால் தையற்காரர் மின்பணியாளராக வேடம் பூணாமல், தையற்காரராகவே இருந்து மின்னோட்டத்தை ஆள இதுவே வழி.

போஷும் எப்ரு குர்பாக்கும் இணைந்து 2018-இல் முடித்த 'பூத்தையற் கணினி'யையும் குறிப்பிட வேண்டும். உலோக இழைகளைச் சுருள் சுருளாகத் தைத்து, காந்த மணிகளைக் கோத்து, மின்னோட்டம் பாயும்போது மணி புரளுமாறு அமைத்த 8 பிட் கணினி அது. விரைவில் நம் கைப்பேசியின் கால்தூசுக்கும் வாராது. அதனைக் குறையென்பார் அதன் நோக்கத்தை அறியாதவர். பொற்சரிகைத் தையலில் கணினி பிறந்திருந்தால் எப்படியிருக்கும் என்பதே அதன் வினா.

சரிகை என்றதும் நம் காது கூர்மையடைய வேண்டும். பட்டிழை நடுவே கிடக்க, தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியை அதன்மேல் சுற்றிப் பொன்முலாம் பூசுவது அசல் சரிகை. அஃதாவது, அது துணிக்குள் ஓடும் மின்கம்பியே. 1997-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் மேகி ஆர்த், ரெமி போஸ்ட் ஆகியோர் இசை எழுப்பும் மேற்சட்டை ஒன்று செய்தபோது, மின்சாரம் செல்லும் வழியாகப் பயன்படுத்தியது உலோகத்தகடு சுற்றிய பட்டிழையை ஊடையாகக் கொண்ட மெல்லிய துணியையே. இந்திய நெசவில் நெடுங்காலமாக வழங்கும் வகை அது.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். தேக்கா நிலையத்தின் மாடியில் புடவைக் கடைகளும் தையற்காரர்களும் உள்ளனர். அங்கிருந்து சற்று நடந்தால் ஜாலான் புசாரில் சிம் லிம் டவர்; மின்னணு உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன இடம். இரண்டிடத்திலும் பொருள் உண்டு. இரண்டிற்கும் இடையே நடப்பார்தாம் இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹோ தலைமையிலான குழு, ஆடையில் ஒட்டிய கடத்துதுணிப் பட்டைகளால் உடலணிக் கருவிகளுக்கிடையே செல்லும் சமிக்ஞையை 1,000 மடங்கு வலுப்படுத்தலாம் என்று 2019-இல் காட்டியது. துவைத்தும் இஸ்திரி போட்டும் பயன்படுத்தலாமாம். அரிய ஆய்வே. ஆனால் பட்டை வெட்டப்பட்டு ஒட்டப்படுகிறது; நெசவாளியிடமும் தையற்காரரிடமும் இதற்கு வழி கேட்டிருக்கலாகாதா என்று எண்ணத் தோன்றுகிறது.

சொல்லிலும் இதே குறை. அறிவியல் வகுப்பில் 'மின்கடத்து நூல்' என்கிறோம். பிழையில்லை, ஆனால் மாணவன் சுருக்கிக் 'கடத்தல் நூல்' என்றெழுதினால் சுங்க அதிகாரியன்றோ ஓடிவருவார்! 'மின்சரிகை' என்றால் பாட்டிக்கும் புரியும். இணைப்புகள் தவறித் தொட்டுக்கொள்வதற்குத் தையலில் முதற்காரணம் வெட்டாமல் விட்ட நூல்முனை. அதற்குப் 'பிசிறு' என்ற சொல் தையற்கடையிலேயே இருக்கிறது. தோட்டப் பள்ளியில் பல்லாண்டு கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஊசி பிடிக்கத் தெரிந்த சிறுமியிடம் 'மின்சுற்று' என்று தொடங்கினால் அவள் கை ஓய்ந்துவிடும், 'ஓட்டுத்தையல்' என்று தொடங்கினால் கை தானே முன்செல்லும்.

செய்துபார்க்க விரும்பும் ஆசிரியர்க்குப் பழம்புடவை முந்தானையில் ஒரு சாண் போதும். இரு குண்டூசிகளை ஒரே சரிகையிழையில் குத்தி மல்டிமீட்டரோடு இணைக்க. வெள்ளியோ செம்போ ஆயின் முள் அசையும். பிளாஸ்டிக் சரிகையாயின் பெரும்பாலும் அசையாது. (இச்சோதனையைக் கடையிலேயே செய்து, கடைக்காரர் முகம் மாறினால் நான் பொறுப்பல்லேன்.) அடுத்தடுத்த வரிகளைத் தனித்தனிக் கம்பிகளாகப் பயன்படுத்த வேண்டுமானால், முதலில் இருபுறத்து ஓரத்தையும் வெட்டிவிட வேண்டும், ஏனெனில் நாடா ஒவ்வோர் ஓரத்திலும் திரும்பி வருவதால், ஊடைச் சரிகை முழுவதும் ஒரே இழையாக ஓடிக்கொண்டிருக்கும்.