பேரொலியும் பொருளும்: ருத்ரா குழுவின் இசை குறித்து

சுங்கைப் பட்டாணியில் தைப்பூச நாளில் உறுமி முழங்கும்பொழுது காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்குவோரும் உளர். அதே முழக்கத்தில் மெய்ம்மறந்து ஆடுவோரும் உளர். ஒலி ஒன்றே. முன்னவர் அதனை இரைச்சல் என்பர். பின்னவருக்கு அது அருளின் வரவு. தோட்டங்களில் வளர்ந்தோர் இவ்விரு சாராரையும் நன்கு அறிவர். ஆயினும் மேலைநாட்டு ‘மெட்டல்’ இசையைப் பற்றிப் பேச நேரும்போது மட்டும் நம்மவர் பெரும்பாலும் காதைப் பொத்துவோர் பக்கமே நின்றுவிடுகின்றனர்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2001ஆம் ஆண்டில் கெடா மாநிலத்துப் பள்ளி மாணவரிடையே ‘பிளாக் மெட்டல்’ பரவிவிட்டது என்னும் பரபரப்பு எழுந்து, மாணவர் விசாரணைக்கு ஆளாயினர். 2006இல் தேசிய ஃபத்வா மன்றம் அவ்விசையை முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டதாக அறிவித்தது. அச்சம் மலாய் மாணவரைப் பற்றியதே எனினும், கித்தாரின் கனத்த ஓசையைக் கேட்ட தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியரும் கூட அதனைச் சமயப் பகை என்றே எண்ணத் தலைப்பட்டனர்.

இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய, இவ்விசைத் துறையில் தமிழர் தாமே நிறுவிய குழு ஒன்றை நோக்குதல் தகும். சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய ‘ருத்ரா’ அத்தகையது. அதே 1992இல்தான் நார்வே நாட்டில் பிளாக் மெட்டல் இளைஞர் மரத்தாலான பழந்தேவாலயங்களுக்குத் தீயிடத் தொடங்கினர். அங்குச் சமயத்தை எரிக்க எழுந்த ஓசை, இங்குச் சமயத்தின் ஆழத்தைத் தேட எழுந்தது! குழுவின் பாடகரும் பேஸ் கித்தார்க் கலைஞருமான கதிரேசன் வேதாந்தம் பயின்றவர். வேதத்துச் சினக்கடவுளின் பெயரைக் குழு தாங்கியது வெறும் அச்சுறுத்தலுக்காக அன்று என்பதை அதன் பிற்கால இசைத்தொகுப்புகள் காட்டுகின்றன.

வளர்ச்சி மெல்லவே நிகழ்ந்தது. இடையில் ஒருமுறை கலைந்து மீண்டும் கூடிய குழு, 1998இல் தன் பெயரிலேயே முதல் தொகுப்பை வெளியிட்டது. 2001இல் ‘தி ஆரியன் குருசேட்’, 2003இல் ‘குருக்ஷேத்ரா’, பின்னர் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்னும் முத்தொகுதி, 2022இல் ‘எய்ட் மகாவித்யாஸ்’ என அப்பயணம் நீண்டது. பெருநிறுவனங்களின் தயவும் திரைப்படத்தின் துணையும் இன்றி முப்பது ஆண்டு நிலைத்து நிற்பது எளிதன்று. தென்கிழக்காசியத் தமிழர் இசைக்குழுக்களில் இவ்வளவு பிடிவாதம் அரிது.

இவ்விசையை இரைச்சல் என்போர் ஒன்றைக் கவனிப்பதில்லை. மேலை மரபிசை சுருதிக்குச் சுருதி இணைவொலிகளை மாற்றிச் செல்வது. மெட்டலோ பல நேரங்களில் ஒரே ஆதார ஒலியை விடாது பற்றிக்கொண்டு, அதன் மேலும் கீழும் சுரங்களை உலவ விடுவது. தம்பூராவின் முன் அமர்ந்து பழகிய செவிக்கு இது புதிதன்று. மெட்டலார் பெரிதும் விரும்பும் ‘ஃபிரிஜியன்’ என்னும் சுரவரிசை நம் அனுமத்தோடியே. அவர்கள் அச்சத்தை ஊட்டக் கையாளும் மற்றொரு வரிசை, இசை பயிலும் குழந்தைக்கு நாம் முதற்பாடமாகக் கற்பிக்கும் மாயாமாளவகௌளை! ருத்ரா குழுவினர் இவ்வுறவை உணர்ந்து, இந்தியத் தாள வாத்தியங்களையும் மந்திர ஓதலையும் கித்தாரோடு இணைத்தமையால்தான் அவ்விணைப்பு ஒட்டுப்போட்டதாகத் தோன்றுவதில்லை.

கேட்போரின் வரவேற்பு பலவகைப்பட்டது. மேலைநாட்டார் ‘வேத மெட்டல்’ என்னும் பெயரால் இதனைப் புதுமையாகக் கொண்டாடினர். அக்கொண்டாட்டத்தில் தொலைநாட்டுப் பொருளைக் கண்காட்சியில் காணும் வியப்பும் கலந்திருந்தது. சிங்கப்பூரில் யூஜின் டைரியநாதன் போன்ற இசை ஆய்வாளர் இதனைத் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலோடு பொருத்தி ஆராய்ந்தனர். அவ்வாய்வுக்கு இடம் உண்டு. தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் 1973இல் தடைசெய்யப்பட்ட நகரம் அது. ஊர்வலப் பாதையில் குறித்த சில இடங்களில் நேரடி இசை ஒலிக்க 2016இல்தான் இசைவு கிடைத்தது. தெருவில் முரசு அடங்கியிருந்த காலத்தில் வளர்ந்த இளைஞர், அதனினும் பெரிய ஒலியை மேடையில் எழுப்பியதைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலவில்லை.

குறைகளையும் கூற வேண்டும். ‘ஆரியன்’ என்னும் தலைப்பு தகுதியானதன்று. அச்சொல் பழநூல்களில் மேலோன் என்னும் பொருளில் வழங்கியது மெய்யே. எனினும் ஐரோப்பியச் செவிக்கு அது இட்லரின் இனவெறியை நினைவூட்டும். தமிழ்ச் செவிக்கோ ஒரு நூற்றாண்டு வாதப்போரையே எழுப்பிவிடும். கேட்போர் எவராயினும் அதனைத் தவறாகப் படிக்கவே வாய்ப்பு மிகுதி. மற்றொன்று, உறுமற் குரல். வேத ஓதலின் உயிர் எழுத்துகளின் மாத்திரையிலும் ஏற்ற இறக்கத்திலும் இருக்கிறது. உறுமும் தொண்டையில் நெடிலும் குறிலும் ஒன்றாகிவிடுகின்றன. மந்திரத்தைத் தெளிவாக ஓதவிட்டு, அதன் பின்னே கித்தார் இடிபோல் எழும் இடங்களே இக்குழுவின் சிறந்த இடங்கள்.

யாவற்றினும் பெரிய குறை மொழி பற்றியது. பாடல்கள் முதன்மையாக ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலுமே அமைந்தன. வேதாந்தத்தைப் பாட வந்தவர் அதன் மொழியை நாடியதில் தவறு காண்பதற்கில்லை. ஆயினும் இப்பேரொலிக்கு ஏற்ற இலக்கணம் தமிழில் முன்னரே உண்டு என்பதை மறக்கலாகாது. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணிய இருபது வண்ணங்களுள் வல்லிசை வண்ணமும் முடுகு வண்ணமும் எதற்காக? பொருள் விளங்குமுன்பே ஓசையால் உள்ளத்தைத் தாக்குவதற்கன்றோ! காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் கண்ட கூத்தும், செயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியில் பாடிய பாலைக்காடும், பிணம் மலிந்த போர்க்களமும், பேய்கள் கூழடும் காட்சியும் எந்த நார்வே இளைஞனின் கற்பனைக்கும் இளைத்தவை அல்ல. அச்சமும் அருவருப்பும் பத்தியும் ஒரே மூச்சில் கலக்கும் கவிதை அது. வகுப்பறையில் அருஞ்சொற்பொருள் எழுதி மதிப்பெண் பெறும் பாடமாக மட்டுமே அது நம் மாணவரை அடைகிறது. அதே மாணவன் வீட்டிற்குச் சென்று காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்கும் தாளத்திற்கும், பரணியின் போர் பாடியதில் குதிரைக் குளம்படியாய் ஓடும் சந்தத்திற்கும் உள்ள உறவை அவனுக்கு எவரும் எடுத்துக்காட்டியதில்லை. ருத்ரா குழுவினர் குருக்ஷேத்திரம் வரை சென்று வந்தனர். செயங்கொண்டாரின் களத்திற்கு அவர்களுடைய முரசு வந்து சேரவில்லை.