கோவேறு கழுதைகள்: நாம் வாசித்துவரும் நாவல்

இப்பொழுது எந்த நாவலை வாசிக்கிறீர்கள் என மாணவர் சிலர் வினவினர். இமையம் 1994-இல் வெளியிட்ட 'கோவேறு கழுதைகள்' நூலையே. பழைய தென்னார்க்காட்டுப் பேச்சுமொழியில் அமைந்த இதனை, பிரம்மதேசம், திண்டிவனம் பக்கத்துச் சபைகளில் ஊழியஞ்செய்வோர் பிரசங்க நூல்களைச் சற்றே ஒதுக்கி வைத்தேனும் வாசிப்பாராக.

கதைத்தலைவி ஆரோக்கியம், தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பில் துணி வெளுப்பவள். மகப்பேற்றிலும் இழவிலும் அவளின்றி ஒன்றும் நடவாது; கூலியோ வீடுதோறும் எடுக்கும் சோறும் களத்தில் பெறும் தானியமுமே. அவளைத் தாழ்த்துவோர் தாமும் பிறரால் தாழ்த்தப்பட்டவர்கள். 'ஒடுக்கப்பட்டோர்' என்னும் ஒரே சொல்லில் இறையியல் பேசிப் பழகிய நமக்கு இது கசக்கும். இதற்காகவே நூலைக் கண்டித்தோரும் உண்டு. நாம் அவர்களோடு உடன்படவில்லை. சொந்த ஜனத்தின் பாவத்தை மறைத்துப் பேசிய தீர்க்கதரிசி எவர்?

ஆரோக்கியத்தின் புலம்பல் சிலவிடங்களில் அளவுக்கு மிஞ்சி நீளுகிறது, பொறுமை வேண்டும். அவள் கத்தோலிக்கச் சபையினள் என்பதால் இது நம் கதையன்று எனத் தள்ளவும் வேண்டா. பெரிய வியாழனன்று யோவான் 13-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும் போதகர், தம் ஊரில் துணி வெளுக்கும் குடும்பம் ஆலயத்தில் எங்கே உட்காருகிறதெனப் பார்த்தபின் பிரசங்கபீடம் ஏறட்டும்.

மேலும் வாசிக்க விரும்புவோர்க்கு, 2020-ஆம் ஆண்டிற்கான சாகித்திய அக்காதெமி விருது பெற்ற இவருடைய 'செல்லாத பணம்' உண்டு.