மார்க்டவுன் தொடரியலும் தமிழ் வேற்றுமை உருபுகளும்

மார்க்டவுன் என்பது வெற்று உரையில் சில குறிகளை இட்டுத் தலைப்பு, தடித்த எழுத்து, பட்டியல், இணைப்பு முதலியவற்றைக் காட்ட உதவும் எளிய குறிமொழி ஆகும். ஜான் குரூபர் இதை 2004இல் வெளியிட்டார். தொடரியலை வடிவமைப்பதில் ஆரோன் சுவார்ட்ஸ் பங்களித்தார். குறிகளோடு இருக்கும்போதும் உரை தடையின்றிப் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இதனைச் சிறிது நேரத்தில் கற்றுவிடலாம் என்று அறிமுகப் பாடங்கள் கூறுகின்றன. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இக்கூற்று பெரும்பாலும் பொருந்தும். சொல்லோடு உருபு ஒட்டி வரும் தமிழில் முழுமையாகப் பொருந்துவதில்லை. நெய்வேலி நகரியத்தைப் பற்றி ஒரு மாணவர் கட்டுரை எழுதுவதாகக் கொண்டால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

அடிப்படைக் குறிகள்

வரியின் தொடக்கத்தில் # இட்டு இடைவெளி விட்டால் அது தலைப்பு. சொல்லின் இருபுறமும்  இட்டால் தடித்த எழுத்து, ஒற்றை * அல்லது _ இட்டால் சாய்வெழுத்து. வரி - குறியோடு தொடங்கினால் பட்டியல். இணைப்புக்குச் சொல்லைச் சதுர அடைப்பிலும் முகவரியை வளைவு அடைப்பிலும் எழுத வேண்டும். பெரும்பாலான பாடங்கள் இத்துடன் முடிந்துவிடுகின்றன.

உருபு ஒட்டும் இடம்

1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தை அனைவரும் என்.எல்.சி. என்றே அழைப்பர். மாணவர் அப்பெயரை மட்டும் தடித்துக்காட்ட விரும்பி என்.எல்.சி.யின் என்று எழுதுகிறார். திரையில் எழுத்து தடிக்காது. நட்சத்திரக் குறிகள் அப்படியே தெரியும். மூடும் குறிக்கு முன் நிறுத்தற்குறியும் பின் எழுத்தும் வந்தால் அதை மூடும் குறியாகக் கொள்ளக் கூடாது என்பது காமன்மார்க் விதி. _நெய்வேலி_யில் என்பதும் சாயாது, ஏனெனில் சொல்லின் நடுவில் அடிக்கோடு செயல்படாது. *நெய்வேலி*யில் என்பது மட்டும் சரியாக வரும்.

குரூபரின் முதல் பதிப்பில் இக்கட்டுப்பாடுகள் இல்லை. மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபட்ட மார்க்டவுனை ஒழுங்குபடுத்த 2014இல் காமன்மார்க் வந்தது. 2017இல் கிட்ஹப் தன் விதிகளை அதன் அடிப்படையில் வெளியிட்டது. பெயரும் உருபும் இடைவெளியின்றி இணையும் மொழிக்கு இவ்விதி இடறலாகவே அமைந்தது.

விக்கி உரையுடன் ஒப்பீடு

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா பயன்படுத்தும் விக்கி உரை வேறொரு குறிமொழி. அதில் '''என்.எல்.சி.'''யின் என்பது தடையின்றித் தடிக்கும். [[நெய்வேலி]]யில் என்று உருபை வெளியே விட்டும் இணைப்புத் தரலாம். ஆனால் பெயரின் இறுதி திரியும் இடங்களில் இது போதாது. கடலூர் மாவட்டம் 'கடலூர் மாவட்டத்தில்' என்று மாறும்போது [[கடலூர் மாவட்டம்|கடலூர் மாவட்டத்தில்]] என இருமுறை எழுத வேண்டும். எந்தப் பெயர் எப்படித் திரியும் என்ற இலக்கண அறிவு இங்கே தொடரியலின் பகுதியாகிறது.

பட்டியலும் பத்தியும்

நெய்வேலியின் சுரங்கங்களை 1, 1ஏ, 2 என்று எண்ணிட்டுப் பட்டியலிட்டால் மார்க்டவுன் 1ஏ என்பதை எண்ணாக ஏற்பதில்லை. அவ்வரி முதல் சுரங்கத்தின் வரியோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று சுரங்கங்கள் பட்டியலில் இரண்டாகத் தெரியும். இங்கு - குறியே பாதுகாப்பானது.

பள்ளிக் கட்டுரைகளில் பத்தியின் முதல் வரியைச் சற்று உள்தள்ளி எழுதுவது வழக்கம். மார்க்டவுனில் நான்கு இடைவெளி விட்டுத் தொடங்கும் பத்தி நிரல்வரியாகிவிடும். விக்கி உரையில் ஒரே இடைவெளி போதும், வரி பெட்டிக்குள் சென்றுவிடும்.

விசைப்பலகை

1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் சதுர அடைப்புகளின் விசைகளில் ச, ஞ எழுத்துகளும் ஒற்றை மேற்கோள் விசையில் ய எழுத்தும் உள்ளன. எனவே இணைப்புத் தரும் ஒவ்வொரு முறையும் ஷிஃப்ட் விசையையோ ஆங்கில விசைப்பலகையையோ நாட வேண்டும். இது விக்கி உரைக்கே கூடுதல் சுமை. மார்க்டவுனின் *, #, - ஆகிய குறிகளுக்கு இச்சிக்கல் இல்லை.

மதிப்பீடு

மார்க்டவுன் கற்க எளிது என்பது உண்மையே. குறை பெரும்பாலும் கற்பிக்கும் முறையில் உள்ளது. ஆங்கிலப் பாடங்களை அப்படியே மொழிபெயர்ப்பதால், தனித்து நிற்கும் சொற்களே எடுத்துக்காட்டுகளாகின்றன. உருபேற்ற சொல் பாடத்தில் வருவதில்லை. மாணவரின் முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. குறிகள் திரையில் சிதறும்போது தவறு தம்முடையது என்று அவர் எண்ணிக்கொள்கிறார்.

தமிழ்ப் பாடம் ஒன்றுக்கு மூன்று விதிகளைச் சேர்த்தாலே போதும்: உருபையும் குறிக்குள் அடக்கி என்.எல்.சி.யின் என்று எழுதுக. அடிக்கோட்டைத் தவிர்த்து நட்சத்திரக் குறியையே பயன்படுத்துக. பத்தியை உள்தள்ளாமல் வெற்று வரி விட்டுப் பிரிக்க.