பபூன் முதலில் வருகிறான்

மதுரையிலிருந்து திருச்சி போகும் சாலையில் மேலூரைத் தாண்டினால் கொட்டாம்பட்டி. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழா என்றால் நாடகம் வைப்பது வழக்கம். நாடகம் என்றால் ஸ்பெஷல் நாடகம், அதிலும் பெரும்பாலும் வள்ளி திருமணம். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடக்கும். ராஜபார்ட் ஓர் ஊர்க்காரர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், ஆர்மோனியம் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. கிரேக்க நாடகம் படிக்க வரும் தமிழ் மாணவரிடம் அரிஸ்டாட்டிலைக் கொடுக்கும் முன் இந்த மேடையின் முன்னால் ஓர் இரவு உட்கார வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏதென்ஸிலும் நாடகம் சாமி காரியம்தான். டயோனிசஸ் விழாவில் கவிஞர்கள் போட்டியிட்டார்கள். ஒருவருக்கு மூன்று அவல நாடகம், கூடவே கேலியும் கும்மாளமுமாக ஒரு சாடிர் நாடகம். தெஸ்பிஸ் கி.மு. 534 வாக்கில் அவல நாடகம் போட்டதாக மரபு சொல்கிறது. நகை நாடகத்துக்கு அரசு அங்கீகாரம் வந்தது கி.மு. 486இல். அரை நூற்றாண்டு தாமதம். ஆரம்பத்தில் யாரும் அதைப் பொருட்படுத்தாததால் அதன் தொடக்க வரலாறு தெரியாமல் போயிற்று என்று அரிஸ்டாட்டிலே எழுதிவைத்திருக்கிறார். அந்த அலட்சியம் நம் ஆய்வுலகத்தையும் விடவில்லை.

திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் பிறந்த பரிதிமாற்கலைஞர் 1897இல் ‘நாடகவியல்’ எழுதினார். வடமொழி இலக்கணத்தையும் மேனாட்டு முறையையும் ஒன்றாக வைத்துப் பார்த்த முதல் பெரிய முயற்சி அது. அவருடைய ‘மானவிஜயம்’, சிறையில் தண்ணீரைக் குடிக்க மறுத்து உயிர்விட்ட கணைக்கால் இரும்பொறையின் கதை. மானம்தான் அவன் பெருமை, அவனைச் சாய்ப்பதும் அதுவே. சோஃபக்ளிஸ் கையில் எடுத்திருக்கக்கூடிய கதை. 1924இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் விபுலானந்த அடிகள் நிகழ்த்திய உரை, 1926இல் ‘மதங்க சூளாமணி’ என்ற நூலானது. அதில் ஷேக்ஸ்பியருக்கே பெரிய இடம்.

கிரேக்கம் தமிழாய்வுக்குள் ஒரு முறையியலாகவே நுழைந்தது பர்மிங்ஹாம் வழியாக. அங்கே ஜார்ஜ் தாம்சன் இருந்தார். 1941இல் வந்த அவருடைய ‘ஈஸ்கிலஸும் ஏதென்ஸும்’ நாடகத்தின் வேரைச் சடங்கிலும் சமூக மாற்றத்திலும் தேடிய நூல். அவரிடம் படித்த கைலாசபதி, சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு 1968இல் நூலாக்கினார். சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி எழுதிய ஆய்வேடு 1981இல் நூலாக வந்தது. தமிழில் இத்துறையில் இதற்கு நிகரான உழைப்பு குறைவு. ஆனாலும் பெரும்பாலும் வீரமும் அவலமுமே பேசப்பட்டன. சிரிப்பு ஓரத்தில் நின்றது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை அடுக்கும்போது நகையை முதலில் வைத்து அழுகையை இரண்டாவதாக வைத்தவர் என்பதை நாம் வசதியாக மறந்தோம்.

சங்கரதாஸ் சுவாமிகளிடம் வருவோம். 1867இல் பிறந்தவர், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியவர். ஸ்பெஷல் நாடகத்தின் பாட்டும் வசனமும் இன்றும் பெரிதும் அவருடையவை. அவர் எமனாக மேடையேறியபோது பார்த்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது என்றும், அதன்பிறகே வேடம் கட்டுவதை விட்டு வாத்தியாரானார் என்றும் நாடக உலகில் சொல்வார்கள். ஈஸ்கிலஸின் பழிவாங்கும் தெய்வங்கள் மேடைக்குள் வந்தபோதும் பெண்களுக்குக் கரு கலைந்ததாக அவருடைய பழைய வாழ்க்கைக் குறிப்பு ஒன்று சொல்கிறது. இரண்டும் நடந்தனவா என்பது எனக்கு முக்கியமில்லை. அச்சத்தின் வலிமையைச் சொல்ல இரண்டு ஊரும் ஒரே கதையைக் கட்டியதுதான் சுவாரஸ்யம்.

நகை நாடகத்துக்கு வந்தால் ஒற்றுமை இன்னும் நெருக்கம். அரிஸ்டோஃபனிஸின் நாடகங்களில் பதினொன்று மிஞ்சியிருக்கின்றன. நடுவில் பாடற்குழுவான கோரஸ் கதையை விட்டுவிட்டுச் சபையைப் பார்த்துப் பேசும். ‘மேகங்கள்’ நாடகத்தில், முன்பு தனக்கு முதல் பரிசு தராததற்காகக் கவிஞர் பார்வையாளர்களைக் கோரஸ் வாயால் கண்டிக்கிறார். பராபாஸிஸ் எனப்படும் இந்தப் பகுதியை வகுப்பில் விளக்குவது கடினம். ஸ்பெஷல் நாடகத்தின் கோமாளியான பபூனைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம். வள்ளி வருமுன் அவன் வந்து ஊரை, அரசியலை, உட்கார்ந்திருப்பவர்களை வம்புக்கு இழுப்பான். அப்புறம் நாரதரும் வள்ளியும் விடிய விடியச் செய்யும் தர்க்கம் இருக்கிறதே, அது கிரேக்கர்கள் அகோன் என்ற சொற்போரேதான். கி.மு. 405இல் ‘தவளைகள்’ நாடகத்தில் ஈஸ்கிலஸும் யூரிப்பிடிஸும் பாதாளத்தில் மோதுகிறார்கள், பாட்டு வரிகளைத் தராசில் நிறுக்கிறார்கள். வள்ளி–நாரதர் தர்க்கத்தில் தராசு இல்லை, கைதட்டல் இருக்கிறது.

பபூனின் பேச்சில் இரட்டை அர்த்தம் அதிகம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அரிஸ்டோஃபனிஸை வடிகட்டாமல் மொழிபெயர்த்தால் அவர்கள் இன்னும் சுளிப்பார்கள். மதுரையில் தங்கி இக்கலைஞர்களோடு பழகி ஆராய்ந்த சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட நூல், அந்த இழிசொல்லின் சுமையையே மையமாக்கியது. பபூன் ஆபாசக் கதையை ஆர்மோனியக்காரரைப் பார்த்துச் சொல்கிறான், கூட்டத்துப் பெண்கள் காதில் விழுமாறு சொல்கிறான் என்பது அவருடைய கூர்மையான அவதானிப்பு. நம்மவர் செய்திருக்க வேண்டிய வேலை.

கி.மு. 404இல் ஏதென்ஸ் போரில் தோற்றபின் நகை நாடகம் மெல்ல அரசியலை விட்டது. கவிஞர் மெனாண்டர் காலத்தில் அது குடும்பக் கதை: சிடுமூஞ்சிக் கிழவன், சாமர்த்தியசாலி அடிமை, தொலைந்து கிடைத்த குழந்தை. கோரஸ் காட்சிகளுக்கு நடுவே வந்து பாடிவிட்டுப் போவதோடு சரி. என்ன பாடியது என்பதையும் பிரதி எழுதவில்லை, ‘கோரஸ்’ என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. கி.மு. 316இல் பரிசு பெற்ற மெனாண்டரின் ‘டிஸ்கோலஸ்’, எகிப்தில் கிடைத்த பப்பைரஸிலிருந்து 1958இல்தான் அச்சேறியது. இந்தக் குடும்ப நகைச்சுவை ரோமுக்குப் போய், ஷேக்ஸ்பியர் வழியாகப் பம்மல் சம்பந்த முதலியாரின் சபா நாடகங்கள்வரை வந்தது. பபூன் அந்த வழியில் போகவில்லை. சங்கரதாஸின் பிரதிகள் அச்சில் கிடைக்கின்றன. பபூனின் பேச்சு அவற்றில் இல்லை, ஒவ்வொரு பபூனும் தானே கட்டிக்கொள்வது அது. அவர்கள் வயதாகி மேடையை விட்டால் பப்பைரஸ்கூட மிஞ்சாது. மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பருவம் முழுக்க ஒலிப்பதிவுக் கருவியோடு சுற்றினால் ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே கிடைக்கும்.