நூலகமும் கைமாத்தும்

அரபு உலகத்து நூலகங்கள் என்று பேச்செடுத்தாலே நம்மவர்கள் நெருப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். கலீஃபா உமர் அலெக்சாண்ட்ரியா நூலகத்தை எரிக்கச் சொன்னார் என்கிற கதையைச் சரித்திரமாகவே நம்புகிற முற்போக்காளர்களை நான் பார்த்திருக்கிறேன். நடந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கு ஐந்நூறு வருஷங்களுக்கு மேல் கழித்தே இக்கதை எழுத்தில் வருகிறது. வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் இதை ஏற்பதில்லை. எரித்தவன் யார் என்ற கதையாடலில் ஒரு வசதி உண்டு. நூலகம் யாருடையது என்று கேட்காமலே தப்பித்துக்கொள்ளலாம்.

2002இல் அதே நகரத்தில், யுனெஸ்கோ துணையோடு, சுமார் 22 கோடி டாலர் செலவில் புதிய நூலகம் திறக்கப்பட்டது. அறங்காவலர் குழுவின் தலைவி அதிபர் முபாரக்கின் மனைவி. அதற்கு முந்தின வருஷம்தான் எகிப்தின் கலாச்சார அமைச்சகம், தன் துறையே வெளியிட்ட மூன்று நாவல்களை ஆபாசம் என்று திரும்பப் பெற்றிருந்தது. ஆக, உலகத்துக்குக் காட்ட ஒரு முகம், உள்ளூர் எழுத்தாளனுக்கு வேறொரு முகம். ஆனால் 2011 எழுச்சியின்போது இளைஞர்கள் கைகோத்து நின்று அந்த நூலகத்தைக் காத்தார்கள். அதிபருக்கு எதிராக எழுந்தவர்களுக்கு அந்தக் கட்டடம் அதிபருடையதாகத் தோன்றவில்லை.

இன்னொரு பக்கம் சிரியாவின் தராயா. 2012 கடைசியிலிருந்து 2016 ஆகஸ்ட் வரை அரசுப் படைகளின் முற்றுகை. இடிந்த வீடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான புத்தகங்களைப் பொறுக்கி வந்து இளைஞர்கள் நிலவறையில் நூலகம் வைத்தார்கள். புத்தகத்தில் அதன் சொந்தக்காரர் பெயரை எழுதினார்கள், சண்டை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அரசு நூலகம் தன் முத்திரையைக் குத்தி உடைமையாக்கும். இங்கே ஊரைவிட்டு ஓடிப்போனவனின் பெயர் உள்ளே இருக்கிறது. நூலகம் என்பது இங்கே கைமாத்து.

இதைக் கொண்டாடிவிட்டுப் போய்விடவும் முடியாது. புத்தகம் பசியைத் தீர்க்கவில்லை, குண்டை நிறுத்தவில்லை. ஊர் காலி செய்யப்பட்டதும் நூலகம் கொள்ளை போயிற்று. 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி விழுந்தது. இனி டமாஸ்கஸில் பெரிய நூலகங்கள் கட்டப்படலாம், திறப்புவிழாவுக்கு யுனெஸ்கோவும் வரலாம். தராயாக்காரன் ஒருவன் தன் பெயர் எழுதிய புத்தகத்தைக் கேட்டு வந்தால், அங்கே அவனுக்கு யார் பதில் சொல்வார்கள்?