எண்ணெய் தடவிய கை

திருவதிகை, பண்ருட்டிப் பக்கம் யாரும் கையில் எண்ணெய் தடவாமல் பலாப்பழத்தை அரிய உட்காரமாட்டார்கள். பிரபலங்களைப் பேட்டி எடுப்பவர் முன்கூட்டிப் படித்துவிட்டு வருவதும் அந்த எண்ணெய்தான்.

1999-இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் சிமி கரேவால் ஜெயலலிதாவை எடுத்த பேட்டி எனக்குச் சலிப்பதே இல்லை. சிமி குரலை உயர்த்துவதில்லை. அரசியலை விட்டு, அம்மா சந்தியா, பள்ளிக்கூடம் என்று பிள்ளைப் பருவத்துக்குள் மெல்ல அழைத்துப் போகிறார். பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கிரிக்கெட் வீரர் நாரி கான்ட்ராக்டர்மேல் இருந்த சின்ன வயது மயக்கத்தை ஜெயலலிதாவே சிரித்தபடி சொல்கிறார். பழைய இந்திப் பாட்டொன்றைப் பாடவும் செய்கிறார்! கட்சிக்காரர்கள் அதுவரை பார்த்திராத முகம் அது.

2004-இல், அப்போது முதல்வராக இருந்த ஜெயலலிதாவைப் பிபிசிக்காகப் பேட்டி எடுக்க வந்த பத்திரிகையாளர் கரண் தாப்பரும் நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்தார். ஜோதிட நம்பிக்கை, காலில் விழும் அமைச்சர்கள் என்று விடாமல் கேட்டார். முதல்வர் முகம் இறுகியது. கடைசியில் கைகுலுக்காமல் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்தார். அதைத் தோல்வி என்பவர்கள் உண்டு, நான் சொல்லமாட்டேன். கோபமும் ஒரு பதில்தானே.

நம் பண்டிகை நாள் தொலைக்காட்சிப் பேட்டிகளிலோ நடிகர் ஏதோ மனம்விட்டுச் சொல்லத் தொடங்கும்போதே, தொகுப்பாளர் கையிலுள்ள அட்டையைப் பார்த்து, “சூப்பர் சார், அடுத்த படம் எப்போ?” என்கிறார்.